யூடியூப் ஓடுது, பில் வரமாட்டேங்கு: நெட்வொர்க் அடாப்டரில் புரோட்டோகால் பைண்டிங், முழுமையான வழிகாட்டி

கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கடை. முன்னால் விற்பனை, பின்னால் கிட்டங்கி. காலை பத்து மணிக்கு அண்ணாச்சி போன் செய்தார். “தம்பி, கம்ப்யூட்டர்ல யூடியூப் ஓடுது, பாட்டு நல்லாக் கேக்குது. பில்லு மட்டும் வரமாட்டேங்கு. பேங்க் பக்கமும் திறக்க மாட்டேங்கு. பார்மட் அடிக்கணும்னு ஒருத்தர் சொல்லுதாரு. அடிச்சிரலாமா?”

அடிக்க வேண்டாம், வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். கேபிள் ஒழுங்காகச் செருகியிருந்தது. ஸ்விட்சில் பச்சை விளக்கு மின்னியது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி எதுவும் இல்லை. பில் பிரிண்டரின் முகவரி 192.168.1.50. அதற்குப் பிங் (‘அங்கே இருக்கிறாயா?’ என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) கொடுத்தால் ‘ஜெனரல் ஃபெயிலியர்’ என்று நான்கு முறை வந்தது. பதில் வராமல் காத்திருந்து அலுத்துப்போனால் வரும் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ அல்ல அது. கணினி கேள்வியை வெளியே அனுப்பவே இல்லை என்று பொருள்.

நெட்வொர்க் அடாப்டரின், அதாவது கேபிள் செருகும் கார்டின், பிராப்பர்டீஸைத் திறந்ததும் சங்கதி வெளிச்சமானது. ஐபிவி4 (192.168.1.50 மாதிரி முகவரிகளை வைத்துப் பேசும் முறை) என்ற வரியில் டிக் இல்லை. ஐபிவி6 (அதற்கு அடுத்து வந்த, நீளமான முகவரிகள் கொண்ட முறை) வரியில் இருந்தது. லீவுக்கு வந்திருந்த அண்ணாச்சியின் தங்கை மகன், கேம் வேகமாக ஓட வேண்டும் என்று ஏதோ வீடியோ பார்த்து ‘வேண்டாத’ டிக்குகளை எடுத்துவிட்டிருக்கிறான். ஐபிவி6 வழியாகவும் கிடைக்கிற தளங்கள் திறந்தன. ஐபிவி4 மட்டுமே தெரிந்த பிரிண்டரும் அந்த பேங்க் பக்கமும் எட்டவில்லை. டிக் போட்டு ஓகே கொடுத்தேன். வரிசையில் நின்றிருந்த பில்கள் சரசரவென்று இறங்கின.

“இம்புட்டுதானா?” என்றார்.

இம்புட்டுதான். ஆனால் இந்த டிக்குக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாததால் எத்தனையோ கணினிகள் வீணாகப் பார்மட் ஆகின்றன. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். படிகள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். நடுவில் லினக்ஸ்காரர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது.

மடை திறந்திருக்கிறதா?

கன்னடியன் கால்வாய் வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று வயல்களை ஒட்டிக்கொண்டே போகிறது. கால்வாயில் தண்ணீர் கரைபுரண்டு ஓடலாம். உங்கள் வயலுக்கான மடை அடைத்திருந்தால் உங்கள் நாற்று காயத்தான் செய்யும். பக்கத்து வயலில் தவளை கத்தும். கால்வாயில் குறை இல்லை, வயலிலும் குறை இல்லை, இரண்டுக்கும் நடுவில் உள்ள மடைதான் அடைபட்டிருக்கிறது.

கணினியில் கால்வாய் என்பது நெட்வொர்க் அடாப்டர். வயல்கள் என்பவை புரோட்டோகால்கள், அதாவது கணினிகள் ஒன்றோடொன்று பேசும் முறைகள்: ஐபிவி4, ஐபிவி6 போன்றவை. மடைதான் பைண்டிங். இன்ன புரோட்டோகால் இன்ன அடாப்டரோடு பேசலாம் என்கிற கட்டு அது. ஒரே அடாப்டரில் பல புரோட்டோகால்கள் கட்டப்பட்டிருக்கலாம். ஒரே புரோட்டோகால் பல அடாப்டர்களில் கட்டப்பட்டிருக்கலாம். ஐபிவி4 கணினியில் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. இந்த அடாப்டரில் கட்டியிருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். அப்பளக் கடையில் ஐபிவி4 கணினியை விட்டு எங்கும் போய்விடவில்லை, அந்த ஒரு அடாப்டரோடு இருந்த கட்டு மட்டும் அவிழ்ந்திருந்தது.

உவமை ஓர் இடத்தில் நொண்டும். தண்ணீர் எல்லாம் ஒன்று, ஆனால் கேபிளில் வரும் ஒவ்வொரு ஈதர்நெட் ஃப்ரேமும் (தகவல் பொட்டலமும்) யாருக்கு என்று முத்திரை குத்திக்கொண்டே வருகிறது. ஃப்ரேமின் தலையில் முதல் 6 பைட் போகவேண்டிய மேக் முகவரி (கார்டுக்கே உரிய அடையாள எண்), அடுத்த 6 பைட் அனுப்பியவரின் மேக் முகவரி, அதற்கடுத்த 2 பைட் வகை எண். பதினறும எண்ணில் 0800 என்றால் ஐபிவி4. 0806 என்றால் ஏஆர்பி. 86டிடி என்றால் ஐபிவி6. ஃப்ரேம் உள்ளே வந்ததும் அந்த எண்ணைப் பார்த்து உரிய புரோட்டோகாலிடம் சேர்கிறது. அந்த எண்ணுக்கு உரியவர் அந்த அடாப்டரில் கட்டப்படவில்லை என்றால் ஃப்ரேம் சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். எச்சரிக்கைப் பெட்டி எதுவும் வராது. இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கச் சிரமப்படுவதற்கு அந்த மௌனம்தான் காரணம்.

இந்த ஏஆர்பியைக் கொஞ்சம் கவனியுங்கள். 192.168.1.50 எந்த மேக் முகவரியில் இருக்கிறது என்று உள்வட்டத்தில் (கடைக்குள் இருக்கும் நெட்வொர்க்கில்) கூவிக் கேட்பது அதன் வேலை. அது ஐபிவி4 உடன் ஒட்டிப் பிறந்தது. ஐபிவி4 டிக் போனால் ஏஆர்பியும் வாயை மூடிக்கொள்ளும். அதனால் அடுத்த கணினியிலிருந்து இந்தக் கணினிக்குப் பிங் கொடுத்தால் அங்கே ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வரும். கூப்பிட்ட பெயருக்கு யாரும் ‘உள்ளேன்’ சொல்லவில்லை என்று அர்த்தம்.

பழைய கதை கொஞ்சம்

ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கார்டுக்கும் ஒவ்வொரு புரோட்டோகாலுக்கும் தனித்தனியாக டிரைவர் எழுதிக் கொல்லாமல் கொன்றார்கள். மைக்ரோசாஃப்டும் த்ரீகாமும் சேர்ந்து என்டிஸ் என்ற பொது இடைமுகத்தைக் கொண்டுவந்தன. நோவெல் தரப்பில் ஓடிஐ என்று அதே மாதிரி ஒன்று. கார்டு செய்பவர் என்டிஸ் கேட்கிறபடி ஒரு டிரைவர் எழுதினால் போதும், புரோட்டோகால் எழுதுபவரும் அதே என்டிஸைப் பார்த்து எழுதினால் போதும். நடுவில் இருவரையும் முடிச்சுப் போடும் வேலையே பைண்டிங். டாஸ் காலத்தில் புரோட்டோகால்.ஐஎன்ஐ என்ற கோப்பில் ‘பைண்டிங்ஸ்’ என்று ஒரு வரியைக் கையால் எழுதினார்கள்.

விண்டோஸ் 98 ஓடிய பிரவுசிங் சென்டர்களில் வேலை பார்த்தவர்களுக்கு நெட்வொர்க் ஜன்னலில் ‘டிசிபி/ஐபி’ என்று எழுதி, ஓர் அம்புக்குறி போட்டு, அடுத்து கார்டின் பெயர் வரும் அந்தப் பட்டியல் நினைவிருக்கும். அந்த அம்புக்குறிதான் பைண்டிங். இன்றைய டிக்கைவிட அது தெளிவாக இருந்தது என்பது என் கட்சி. அப்போது நெட்பியூஐ, ஐபிஎக்ஸ் என்று இன்னும் இரண்டு பேர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தலைமுறை போய்விட்டது. என்டிஸ் போகவில்லை. இன்றைக்கும் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் (போனின் நெட்டைக் கணினிக்குக் கொடுப்பது) போட்டால், அடாப்டர் பட்டியலில் ‘ரிமோட் என்டிஸ்’ என்று தொடங்கும் பெயர் எட்டிப் பார்க்கும்.

முதல் படி: எத்தனை கால்வாய் என்று எண்ணுங்கள்

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் என்சிபிஏ.சிபிஎல் என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸுக்குள் நாலு கதவு தாண்டிப் போவதைவிட இதுதான் சுருக்கு வழி.

ஒரே கேபிள்தானே என்று நினைத்துத் திறப்பீர்கள், ஐந்தாறு அடாப்டர் இருக்கும். ஈதர்நெட், வைஃபை, புளூடூத், விபிஎன் மென்பொருள் போட்டது ஒன்று, மெய்நிகர் இயந்திர மென்பொருள் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவது) போட்டது இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக் பட்டியல் உண்டு என்பதை மறக்க வேண்டாம். வைஃபை அடாப்டரைத் திறந்து எல்லா டிக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு, ஈதர்நெட்டில் பழுது தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

ஒவ்வொரு அடாப்டரையும் தேர்ந்து எஃப்2 அழுத்திப் பெயர் மாற்றிவிடுங்கள். ‘கடை கேபிள்’, ‘மாடி வைஃபை’ என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து நீங்களே வந்து பார்க்கும்போது புரியும்.

இரண்டாம் படி: பட்டியலை வாசிப்பது

அடாப்டர்மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ் கொடுங்கள். மேலே கார்டின் பெயர், கீழே டிக் பெட்டிகளோடு ஒரு பட்டியல். அவசரப்படாமல் வாசியுங்கள். எல்லாமே புரோட்டோகால் அல்ல. புரோட்டோகாலுக்கு மேலே உட்காரும் கிளையன்ட், சர்வீஸ்களும், புரோட்டோகாலுக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்காரும் வடிகட்டிகளும் கலந்துதான் இருக்கும்.

முதலில் கண்ணில் படுவது ‘கிளையன்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்ஸ்’. இந்தக் கணினி மற்ற கணினிகளின் பகிர்ந்த ஃபோல்டர்களைத் திறக்க இது வேண்டும். அடுத்து ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’. இது எதிர்த்திசை: மற்றவர்கள் இந்தக் கணினியின் ஃபோல்டரையும் பிரிண்டரையும் எடுக்க இது வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வது வாடிக்கை. பில்லிங் கோப்பு இருக்கிற கணினியில் ஷேரிங் டிக் முக்கியம், அதைத் திறக்கிற கணினியில் கிளையன்ட் டிக் முக்கியம்.

இந்த ஷேரிங் டிக்கைப் பற்றி நான் பிடிவாதக்காரன். கடைக் கேபிளில் இருக்கட்டும். லேப்டாப்பை ஹாஸ்டல், பஸ் ஸ்டாண்ட் ஓட்டல் என்று தூக்கிக்கொண்டு போகிறவர் வைஃபை அடாப்டரில் அந்த டிக்கை எடுத்துவிடலாம், வைஃபை வழியாக யாருக்கும் ஃபோல்டர் பகிராதவரை இழப்பு ஒன்றும் இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை உலகம் முழுக்கப் பரவியது இந்தக் கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது, ஆனாலும் தேவையில்லாத மடையை எதற்குத் திறந்து வைக்க வேண்டும்?

‘கியூஓஎஸ் பேக்கெட் ஷெட்யூலர்’ பற்றி ஒரு பழைய புரளி உண்டு. அது இணைய வேகத்தில் 20 சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, டிக்கை எடுத்தால் நெட் பறக்கும் என்று எக்ஸ்பி காலத்திலிருந்து சொல்கிறார்கள். முன்னுரிமை கேட்கும் மென்பொருள் ஓடினால்தான் அந்த ஒதுக்கீடு பேச்சே வரும், மற்ற நேரம் முழு வேகமும் எல்லோருக்கும்தான். அதை அப்படியே விடுங்கள்.

‘நெட்வொர்க் அடாப்டர் மல்டிபிளெக்ஸர் புரோட்டோகால்’ என்று ஒன்று டிக் இல்லாமல் இருக்கும். அது பழுது அல்ல. இரண்டு மூன்று கார்டுகளை ஒன்றாகக் கட்டும்போது மட்டும் அது வேலைக்கு வரும். ஒன்றுதானே குறைகிறது என்று அதற்கும் டிக் போடப் பார்ப்பவர்கள் உண்டு, வேண்டாம். ‘லிங்க் லேயர் டோபாலஜி’ என்று தொடங்கும் இரண்டு வரிகள் நெட்வொர்க் வரைபடம் போடுவதற்கானவை. அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பில் வரும்.

மீதி இரண்டுதான் உயிர்நாடி. ‘இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4’, ‘வெர்ஷன் 6’. நாலுக்கு டிக் கட்டாயம். ஆறையும் எடுக்காதீர்கள். நெட் மெதுவாக இருக்கிறதா, ஆறை எடு என்பது ஊர் வைத்தியம் ஆகிவிட்டது. ஐபிவி6ஐ அணைக்க வேண்டாம் என்றுதான் மைக்ரோசாஃப்டே சொல்கிறது. மேலும், அடாப்டரில் டிக்கை எடுப்பதால் கணினியிலிருந்து ஐபிவி6 முழுவதும் போய்விடுவதும் இல்லை. கணினி தன்னோடு தானே பேசும் உள்சுற்று முகவரியில் அது உயிரோடுதான் இருக்கும்.

இவை தவிர வைரஸ் தடுப்பு மென்பொருள், பேக்கெட் பிடிக்கும் கருவி, மெய்நிகர் இயந்திர மென்பொருள் ஆகியவை தங்கள் வடிகட்டிகளை இதே பட்டியலில் செருகி வைத்திருக்கும். மென்பொருளை நீக்கிய பிறகும் அதன் வரி மட்டும் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். நெட் விட்டு விட்டு வருவதற்கு அப்படி ஓர் அநாதை வடிகட்டி காரணமாக இருக்கலாம். அதன் டிக்கை மட்டும் எடுத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாம் படி: மாற்றுவதும் சோதிப்பதும்

டிக் போட, எடுக்க அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். ஓகே கொடுத்த உடனே இணைப்பு ஒரு நொடி அறுந்து மீண்டும் வரும். அதனால் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது செய்யாதீர்கள். பட்டியலுக்குக் கீழே அன்இன்ஸ்டால் என்றொரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். டிக் என்பது இந்த ஓர் அடாப்டருக்கு மட்டும், அன்இன்ஸ்டால் என்பது எல்லா அடாப்டருக்கும் சேர்த்து. மடையை அடைப்பதற்கும் வயலை விற்பதற்கும் உள்ள வித்தியாசம். ஐபிவி4, ஐபிவி6 வரிகளில் அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கும், நல்லவேளை.

தூரத்திலிருந்து ரிமோட் மென்பொருள் வழியாக இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு சேரன்மகாதேவி அரிசி ஆலைக் கணினியில் ‘சும்மா எடுத்துப் போட்டுப் பார்ப்போம்’ என்று ஐபிவி4 டிக்கை எடுத்தேன். எடுத்த மறுகணம் திரை உறைந்தது. மறுபடி போட எனக்கு வழியில்லை. நுனிமரத்தில் இருந்துகொண்டு அடிமரத்தை வெட்டிய கதை. பஸ் ஏறிப் போய் ஒரே ஒரு கிளிக் செய்துவிட்டுத் திரும்பினேன். ஆலைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார், சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை அவரால்.

சோதனைக்கு வருவோம். பலரும் முதலில் 127.0.0.1க்குப் பிங் கொடுப்பார்கள், பதில் வந்ததும் எல்லாம் சரி என்பார்கள். அந்த முகவரி கணினிக்குள்ளேயே சுற்றித் திரும்புவது, அடாப்டர் பக்கமே போகாது. எல்லா அடாப்டரிலும் டிக் எடுத்திருந்தாலும் அது பதில் சொல்லும். பைண்டிங் சோதனைக்கு அது உதவாது.

கமாண்ட் பிராம்ட்டில் ஐபிகான்ஃபிக் அடியுங்கள். அடாப்டரின் பெயருக்குக் கீழே ஐபிவி4 முகவரி என்ற வரி இருக்கிறதா? வரியே இல்லை, ஆனால் கேபிள் இணைந்திருக்கிறது என்றால் பைண்டிங் மேல் சந்தேகம் வைக்கலாம். 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால் பைண்டிங் சரி, முகவரி வழங்கும் டிஎச்சிபி பதில் சொல்லவில்லை. அது வேறு நோய், ரூட்டரைப் பாருங்கள். இரண்டையும் பிரித்தறிந்தாலே பாதி வேலை முடிந்தது.

முகவரி சரியாக இருந்தால் ரூட்டருக்குப் பிங். அப்புறம் ஏஆர்பி என்று தட்டி இடைவெளி விட்டு கழித்தல் குறியும் ஏ எழுத்தும் சேர்த்து அடித்தால், உள்வட்டத்தில் யார் யார் பதில் சொன்னார்கள் என்ற பட்டியல் வரும். ரூட்டரின் மேக் முகவரி அதில் இருந்தால் மடை திறந்து தண்ணீர் பாய்கிறது.

நான்காம் படி: பவர்ஷெல்லில் ஒரே பார்வை

பத்து கணினி உள்ள இடத்தில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்க முடியாது. பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து கெட்-நெட்அடாப்டர்பைண்டிங் என்று தட்டுங்கள். கெட், நடுவில் சிறு கோடு, மீதி மூன்று சொல்லும் இடைவெளி இல்லாமல். பாதி தட்டி டேப் விசை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும். அடாப்டர் பெயர், வரியின் பெயர், அதன் உள்பெயர், டிக் உண்டா இல்லையா என்று நான்கு பத்திகளில் எல்லாம் வந்துவிடும். இது விண்டோஸ் 8 முதல் இருக்கிறது.

உள்பெயர்தான் இங்கே கைப்பிடி. ஐபிவி4இன் உள்பெயர் எம்எஸ்_டிசிபிஐபி. ஐபிவி6க்கு அதே பெயரின் கடைசியில் 6. கோப்புப் பகிர்வுக்கு எம்எஸ்_சர்வர். டிக் போட எனேபிள்-நெட்அடாப்டர்பைண்டிங், எடுக்க டிசேபிள்-நெட்அடாப்டர்பைண்டிங். இரண்டோடும் நேம் என்ற விருப்பத்தில் அடாப்டரின் பெயரும், காம்பொனன்ட்ஐடி என்ற விருப்பத்தில் உள்பெயரும் கொடுக்க வேண்டும். அடாப்டருக்கு ‘கடை கேபிள்’ என்று இடைவெளி உள்ள பெயர் வைத்திருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

கெட் கட்டளையோடு ஆல்பைண்டிங்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால், ஜன்னலில் காட்டாத ஒளிந்த பைண்டிங்குகளும் வரும். கணினியிலிருந்தே பயனர்பெயர் கொடுத்து ‘டயல்’ செய்யும் பழைய பாணி பிராட்பேண்ட் வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். அங்கே பிபிபிஓஇ என்ற புரோட்டோகால் நேரே அடாப்டரில் கட்டப்பட்டிருக்கும், 8863, 8864 என்று அதற்கே தனி வகை எண்கள். ஐபி முகவரி உட்காருவது ஈதர்நெட் அடாப்டரில் அல்ல, டயல் இணைப்பில். அதனால் ஈதர்நெட்டில் ஐபிவி4 டிக் இல்லாவிட்டாலும் நெட் ஓடும்! முதல்முறை பார்த்தபோது எனக்கே மந்திரம் மாதிரி இருந்தது. ஐபி, டயல் இணைப்பின்மேல் ஏறிப் போகிறது, டயல் இணைப்பு பிபிபிஓஇ மேல், பிபிபிஓஇ அடாப்டர்மேல். அதன் தலைப்பு 8 பைட் எடுத்துக்கொள்வதால்தான் அங்கே எம்டியூ (ஒரு ஃப்ரேமுக்குள் ஏற்றக்கூடிய அதிகபட்ச பைட்) 1500க்குப் பதில் 1492.

இந்தக் கட்டுகள் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க ஆசையா? ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின் கிளையில் சிஸ்டம், கரண்ட்கண்ட்ரோல்செட், சர்வீசஸ், டிசிபிஐபி, லிங்கேஜ் என்று இறங்குங்கள். பைண்ட் என்ற மதிப்பில் ஒவ்வொரு அடாப்டரும் ஒரு நீள அடையாள எண்ணாக வரிசையில் நிற்கும். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். அங்கே கையால் திருத்துகிற வேலை வேண்டாம்.

ஐந்தாம் படி: இரண்டு கால்வாய் இருந்தால் முதல் முறை யாருக்கு?

அரிசி ஆலைக் கணினியில் கேபிள் எடைமேடைக்கும் பில்லிங் கணினிக்கும் போகிறது. இணையம் போனில் இருந்து யூஎஸ்பி டெதரிங். இரண்டையும் சேர்த்துச் செருகினால் நெட் போய்விடும், கேபிளைப் பிடுங்கினால் வந்துவிடும். டிக் எல்லாம் சரியாகவே இருக்கிறது. இது கட்டு அவிழ்ந்த சிக்கல் அல்ல, முறை வைக்கும் சிக்கல்.

விண்டோஸ் 10க்கு முன்பு வரை நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் ஜன்னலில் ஆல்ட் விசை அழுத்தினால் வரும் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில், அடாப்டர்களை மேலே கீழே நகர்த்தி வரிசை வைக்கலாம். விண்டோஸ் 10இல் அந்த வரிசையை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் மெட்ரிக் என்ற எண்ணை வைத்துத்தான். எண் குறைந்தவருக்கு முதல் முறை. நீங்கள் சொல்லாவிட்டால் இணைப்பின் வேகத்தைப் பார்த்து விண்டோஸே எண் போட்டுக்கொள்ளும். ஒரு கிகாபிட் கேபிளுக்கு 25 போடும். வேகம் குறையக் குறைய எண் ஏறும். அந்தக் கேபிளின் மறுமுனையில் இணையம் இருக்கிறதா என்பதை மெட்ரிக் பார்ப்பதில்லை.

ஆலையில் நடந்தது அதுதான். கேபிள் போய்ச் சேர்ந்தது இணையம் இல்லாத ஒரு பழைய ரூட்டரில். அது டிஎச்சிபியில் ‘நான்தான் கேட்வே (வெளியே போகும் வாசல்)’ என்று தன்னையே கொடுத்துக்கொண்டிருந்தது. கணினி எல்லாவற்றையும் அதனிடம் தள்ளியது. ரூட் பிரிண்ட் என்று அடித்துப் பார்த்தால் 0.0.0.0 என்று தொடங்கும் வரிகள் இரண்டு தெரியும். கடைசிப் பத்தியில் மெட்ரிக். எண் குறைந்த வரி எந்த அடாப்டருடையதோ அதன் வழியாகத்தான் வெளியுலகம்.

தீர்வு இரண்டு. நான் விரும்புவது: கேபிள் அடாப்டரில் ஐபிவி4 பிராப்பர்டீஸைத் திறந்து முகவரியைக் கையால் கொடுத்து, கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவது. எடைமேடையும் பில்லிங்கும் ஒரே உள்வட்டத்தில் இருப்பதால் அவற்றுக்குக் கேட்வே தேவையில்லை. இரண்டாவது: அதே இடத்தில் அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தி, ஆட்டோமேட்டிக் மெட்ரிக் டிக்கை எடுத்து, டெதரிங் அடாப்டருக்கு 10, கேபிளுக்கு 50 என்று கொடுப்பது. ஐபிவி4க்கும் ஐபிவி6க்கும் தனித்தனி மெட்ரிக் உண்டு, ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது.

ஆறாம் படி: டிக் இல்லாததே சரி என்கிற இடம்

கல்லூரிப் பிள்ளைகள் இதில்தான் மாட்டுகிறார்கள். விண்டோஸோடு வரும் மெய்நிகர் இயந்திர மென்பொருளான ஹைப்பர்-வியில் வெளியிணைப்பு கொண்ட மெய்நிகர் ஸ்விட்ச் உருவாக்கியதும், அசல் ஈதர்நெட் அடாப்டரில் ஐபிவி4, ஐபிவி6 உட்பட டிக்குகள் காணாமல் போகும். ‘எக்ஸ்டென்சிபிள் விர்ச்சுவல் ஸ்விட்ச்’ என்ற வரியில் டிக் விழும். கூடவே விஈதர்நெட் என்று புதிய அடாப்டர் ஒன்று முளைக்கும். ஐபி முகவரி இப்போது அதில்தான் இருக்கும். அசல் கார்டு வெறும் ஸ்விட்ச் துளை ஆகிவிட்டது. முகவரி போடவேண்டிய இடம் விஈதர்நெட். அசல் கார்டில் வலுக்கட்டாயமாக ஐபிவி4 டிக் போட்டால் மெய்நிகர் ஸ்விட்ச் உடையும்.

நெட்வொர்க் பிரிட்ஜ் போட்டாலும், சர்வரில் கார்டுகளை டீமாகக் கட்டினாலும் இதே நியாயம். ஸ்விட்சை நீக்கும்போது பாதியில் மின்சாரம் போய், டிக்குகள் திரும்பாமல் நின்றுவிட்டால் மட்டும் நீங்கள் கையால் திரும்பப் போட வேண்டும்: முதலில் ஸ்விட்ச் வரியின் டிக்கை எடுங்கள், பிறகு ஐபிவி4, ஐபிவி6, கிளையன்ட், ஷேரிங்.

லினக்ஸில் இப்படி டிக் பட்டியல் கிடையாது. புரோட்டோகால்கள் தங்களுக்கு வேண்டிய வகை எண்ணைக் கெர்னலிடம் பதிந்துகொள்கின்றன, எந்த இடைமுகத்தில் வந்தாலும் அவர்களிடம் சேரும். ஐபிவி6ஐ மட்டும் இடைமுகம்வாரியாக அணைக்க, கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்லில் டிசேபிள்_ஐபிவி6 என்ற அமைப்பு இருக்கிறது. பிரிட்ஜ் விஷயம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்: கார்டைப் பிரிட்ஜில் சேர்த்தபின் முகவரி பிரிட்ஜுக்குத்தான் போட வேண்டும், கார்டுக்கு அல்ல.

பெயர் ஒன்று, ஆள் வேறு

பைண்ட் என்ற சொல் இன்னோர் இடத்திலும் வந்து குழப்பும். பில்லிங் சர்வர் மென்பொருள் எந்த முகவரியில் காது கொடுக்கிறது என்பதையும் பைண்ட் என்றுதான் சொல்வார்கள். 127.0.0.1 என்று கட்டியிருந்தால் அந்தக் கணினியில் மட்டும் திறக்கும், பக்கத்து மேஜைக் கணினியில் திறக்காது. 0.0.0.0 என்றால் எல்லா ஐபிவி4 முகவரியிலும் கேட்கும். நெட்ஸ்டாட் என்று தட்டி இடைவெளி விட்டு கழித்தல் குறியும் ஏ, என் எழுத்துகளும் சேர்த்து அடித்து, லிசனிங் என்ற வரிகளில் முகவரியைப் பாருங்கள். பிங் போகிறது, ஃபோல்டர் திறக்கிறது, பில்லிங் மட்டும் இணையவில்லை என்றால் அடாப்டர் டிக்கை விட்டுவிட்டு இதையும் ஃபயர்வாலையும் பாருங்கள்.

பட்டியலே கெட்டுப்போனால்

டிக் போட்டாலும் நிற்கவில்லை, வரிகளே காணவில்லை என்றால் அடுத்த கட்டம். முதலில் டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரை அன்இன்ஸ்டால் செய்யுங்கள், டிரைவரை அழிக்கும் கட்டத்தில் மட்டும் டிக் வைக்காதீர்கள். பிறகு மேலே ஆக்‌ஷன் மெனுவில் ஸ்கேன் கொடுத்தால் அடாப்டர் புதிதாகப் பிறந்து வரும், கட்டுகளும் புதிதாக விழும். நெட்ஷெல்லில் ஐபி ரீசெட் கொடுப்பது பைண்டிங்கைச் சரிசெய்யும் மருந்து அல்ல, அது டிசிபி/ஐபி அமைப்புகளை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும்.

அதிலும் தீரவில்லை என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் ரீசெட். எல்லா அடாப்டரையும் பிடுங்கி மறுபடி நட்டு, கணினியை மறுதுவக்கம் செய்யும். கையால் போட்ட முகவரிகள் போய்விடும், விபிஎன், மெய்நிகர் ஸ்விட்ச் மென்பொருள்களை மறுபடி அமைக்க வேண்டி வரும். ஆகையால் அதற்கு முன் ஐபிகான்ஃபிக் கட்டளையோடு சாய்கோடும் ஆல் என்ற சொல்லும் சேர்த்து அடித்து, திரையைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த அடாப்டரில் எந்த டிக் இருந்தது என்பதையும் ஒரு படம். அப்பளக் கடை அண்ணாச்சி அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கல்லாவுக்கு மேலே காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். தங்கை மகன் லீவுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அதை முதலில் அவனிடம் காட்டுகிறாராம்.